வேன் அக்காவின் வாத்து முட்டைகள்

கிள்ளானில் நான் குடியேறிய மூன்றாம் நாள், காலை பத்து மணி இருக்கும், பக்கத்து வீட்டு அக்கா என் கேட்டைத் தட்டினார். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் என்பது மட்டும்தான் அதுவரை அவரைப் பற்றி எனக்குத் தெரியும். மஞ்சள் வேன் எப்போதும் வாசலில் நிற்கும்.

"தங்கச்சி, ஒரு நிமிஷம் வர்றியா?"

சீனி கேட்க வந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் கூட்டிப் போனார். மாடிப்படிக்கு அடியில் ஒரு ஸ்டோர் ரூம். என்னை அதற்குள் தள்ளி, தானும் நுழைந்து, கதவைச் சாத்தினார். கும்மிருட்டு. அரிசி மூட்டை வாசனை வந்தது. யாரிடம் மாட்டிக்கொண்டோம் என்று கதவுத் தாழ்ப்பாளைத் தடவித் தேடினேன்.

"பயப்படாத. இங்க பாரு."

டார்ச் லைட் எரிந்தது. அதன் வாயில் டாய்லெட் பேப்பர் சுற்றி வரும் அட்டைக்குழாயைச் செருகி டேப் ஒட்டியிருந்தார். குழாயின் நுனியில் ஒரு முட்டையை வைத்தார். முட்டை முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. உள்ளே சிவப்பு நூலைப் பிரித்துப் போட்ட மாதிரி நரம்புகள். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

"என்னக்கா இது?"

"வாத்து. இன்னிக்கு ஏழாவது நாள். உத்துப் பாரு, நகரும்."

மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். புள்ளி சட்டென்று ஒரு பக்கமாகத் துள்ளியது. நான் என்னை அறியாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"நகந்துச்சா? நகந்துச்சுல்ல?" என்று கேட்டுவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "உன் பேரு என்னம்மா?"

சொன்னேன். முட்டையின் மேல் என் பெயரை எழுதினார். இதை முதலில் பார்த்தது நீதான், அதனால் இது உன்னுடையது என்றார்.

"நீங்க இன்னும் பாக்கலயாக்கா?"

"நீ வர்றதுக்கு முன்னாடி நான் எப்படிப் பாக்கிறது?" என்றார், நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

அதுதான் அவர். எதையும் தனியாகப் பார்க்க மாட்டார். பாசாரில் பெரிய இறால் வந்திருந்தால், முன்பின் தெரியாத பெண்ணின் கையைத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் வாங்குவார். வானவில் வந்தால் வேனை ஓரங்கட்டுவார். பிள்ளைகள் எல்லாம் இறங்கிப் பார்த்துவிட்டு ஏற வேண்டும். அந்தத் தாமானில், எங்கள் குடியிருப்பில், எல்லோரும் அவரை வேன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான்.

முட்டை விவகாரம் எப்படித் தொடங்கியது என்பதை அவர் வெவ்வேறு ஆட்களிடம் சொல்ல நான் ஏழெட்டுத் தடவை கேட்டிருக்கிறேன். தெலுக் பங்லிமா காராங்கில் அவருக்குத் தெரிந்த ஒருவர், செம்பனை மரங்களுக்கு நடுவே வாத்து வளர்த்து வந்தார். ஒருமுறை குழம்பு வைக்கச் சொல்லி ஆறு முட்டை கொடுத்தார். கெட்டுப் போயிருக்குமோ என்று அக்கா ஒன்றை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது நரம்பு தெரிந்தது. ஒரு வாத்து சில நாள் அடைகாத்துவிட்டு எழுந்து போன முட்டை அது, தெரியாமல் கலந்துவிட்டிருக்கிறது.

"வெங்காயம் வெட்டி வச்சாச்சு. புளி கரைச்சாச்சு. எப்படி ஊத்துறது சொல்லு? அடுப்ப அணைச்சிட்டு எதுத்த வீட்டு அங்கிளக் கூப்பிட்டேன்."

எதிர்வீட்டு அங்கிள் சீனர். பாசார் மாலாமில், இரவுச் சந்தையில், சோயா பால் விற்பவர். அவர்தான் மீன் கொண்டுவரும் வெள்ளைப் பெட்டி ஒன்றைக் கொடுத்து, பல்பும் பழைய கம்ப்யூட்டர் ஃபேனும் பொருத்தி, சூடு முப்பத்தேழரை டிகிரியில் நிற்கும்படி ஒரு கருவியையும் மாட்டிக் கொடுத்தார். ஆறு முட்டையில் ஒன்றுதான் பொரித்தது. அந்த ஒன்று போதுமானதாக இருந்தது. தெலுக் பங்லிமா காராங்காரரின் வாத்துகள் முட்டையிடுமே தவிர அடைகாக்க உட்காராது. உட்கார்ந்தாலும் பாதியில் எழுந்து போய்விடும். அதனால் அவர் முட்டைகளை அக்காவிடம் கொடுப்பார், குஞ்சுகளாக வாங்கிக்கொள்வார். பதிலுக்கு மரவள்ளிக்கிழங்கும் பலாப்பழமும் வரும்.

வேன் வேலையோடு அக்கா இதைச் சேர்த்துத் தைத்திருந்தார். விடிவதற்கு முன் காலைப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போகுமுன் ஒருமுறை முட்டைகளைத் திருப்புவார். மதியப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை ஏற்றப் போகுமுன் ஒருமுறை. மாலையில் திரும்பி வந்ததும் கைகழுவிவிட்டு ஒருமுறை. பெட்டிக்குள் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். நாளுக்கு ஒருதரம் மூடியைத் திறந்து முட்டைகளை ஆறவிட்டு, துணிக்கு இஸ்திரி போடும்போது தெளிக்கும் போத்தலால் தண்ணீர் தெளிப்பார். தாய் வாத்து குளத்துக்குப் போய் ஈரமாகத் திரும்பி வந்து உட்காருமாம், அந்த ஈரம் முட்டைக்கு வேண்டுமாம்.

எல்லா முட்டையிலும் உயிர் இருக்காது. வெளிச்சத்தில் சில முட்டைகள் வெறும் மஞ்சளாக, சுத்தமாக இருக்கும். சிலவற்றில் நரம்புகள் கலைந்து, உள்ளே ஒரு சிவப்பு வளையம் மட்டும் நிற்கும். உயிர் வந்து நின்றுவிட்டது என்று அர்த்தம். அதையும் அவர் கூப்பிட்டுக் காட்டுவார். ஒருமுறை சூடு காட்டும் கருவி கெட்டுப்போய் ஒன்பது முட்டைகளும் வளையமாகிவிட்டன. எதிர்வீட்டு அங்கிளையும் என்னையும் கூப்பிட்டார். ஒவ்வொன்றாகக் காட்டி, "இது வரைக்கும் வந்திருக்கு பாரு," என்றார். பிறகு மூன்று பேரும் போய் எலுமிச்சைச் செடி அடியில் புதைத்தோம். அங்கிள் யாரும் சொல்லாமலே தொப்பியைக் கழற்றினார்.

முட்டைகளின் மேல் இருந்த பெயர்களைப் பார்த்தாலே அந்த மாதம் அவர் வீட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்று தெரிந்துவிடும். 'மீட்டர்' என்றால் தண்ணீர் மீட்டர் படிக்க வந்தவர். 'பார்சல்' என்றால் பார்சல் கொண்டுவந்த பையன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்தானாம். 'ஜாதகம்' என்று ஒன்று இருந்தது. அது யார் என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் நகராண்மைக் கழகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வாத்து கத்துகிறது என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். கையில் கிளிப் போர்டு, நெஞ்சில் அடையாள அட்டை. நான் என் வேலியருகே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் கால்நடை வளர்க்க அனுமதி கிடையாது என்று அவர் மலாயில் விளக்க ஆரம்பித்தார். அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு அவர் கையிலிருந்த கிளிப் போர்டை வாங்கி என்னிடம் வேலிக்கு மேலாகக் கொடுத்துவிட்டு, அவரை உள்ளே கூட்டிப் போய்விட்டார்.

ஸ்டோர் ரூம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளேயிருந்து அந்த அதிகாரியின் குரல், மிக மெதுவாக, "ஹிடுப்," என்றது. உயிரோடு இருக்கிறது என்று.

வெளியே வந்தவர் என்னிடம் கிளிப் போர்டை வாங்கி, நின்றபடியே கொஞ்சம் யோசித்தார். வாத்து வைத்துக்கொள்ளக் கூடாது, அதில் மாற்றமில்லை என்றார். முட்டையைப் பற்றி விதியில் எதுவும் எழுதியிருக்கவில்லை. குஞ்சு பொரித்து மூன்று நாளுக்குள் வீட்டை விட்டு அனுப்பிவிட வேண்டும். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். இன்னும் இருபத்தோரு நாள் என்றார் அக்கா. அந்த முட்டையின் மேல் 'நகராண்மை' என்று எழுதப்பட்டது.

அக்காவின் இந்தக் குணம் எல்லா நேரமும் எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன்.

நிச்சயமான என் கல்யாணம் நின்றுபோனதால்தான் நான் வேலையைச் சாக்காக வைத்துக் கிள்ளானுக்கு வந்தேன். பெட்டாலிங் ஜெயாவில் அலுவலகம். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. எனக்கு வேண்டியிருந்தது என்னைத் தெரியாத ஒரு தெரு. ஒரு மத்தியானம், எனக்கு நிச்சயித்திருந்த மனிதருக்கு வேறிடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது என்று போனில் படம் வந்தது. பின்பக்கச் சந்தில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அக்கா எட்டிப் பார்த்தார். போய்விட்டார். அப்பாடா என்று இருந்தது. இரண்டே நிமிடத்தில் மூன்றாம் வீட்டு ஆன்டியோடு திரும்பி வந்தார்.

"இங்க பாருங்க, பாவம், இவ அழுவுறா."

ஆன்டி கையில் மைலோ தம்ளர் வேறு. நான் எழுந்து உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். நான்கு நாள் அவரோடு பேசவில்லை. அவர் வேன் சத்தம் கேட்டாலே திரையை இழுத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை கேட்டுக்கு வெளியே நின்றார். தட்டவில்லை.

"இன்னிக்குப் பதினாலாவது நாள். லைட் வச்சுப் பாக்கணும்," என்றார்.

"நீங்களே பாருங்கக்கா. இல்லன்னா ஆன்டியக் கூப்பிடுங்க."

"உன் பேரு எழுதுனது ஒன்னு இருக்கு. நீ வரலன்னா அத நான் பாக்க மாட்டேன்."

போய்விட்டார். பதினைந்தாம் நாளும் வந்து நின்றார். பதினாறாம் நாளும். அந்த முட்டையை மட்டும் அவர் உண்மையாகவே வெளிச்சத்தில் வைக்கவில்லை என்று எதிர்வீட்டு அங்கிள் என்னிடம் சாட்சி சொன்னார். பதினேழாம் நாள் நானே போனேன். ஸ்டோர் ரூம் இருட்டில் நின்றுகொண்டு, "எல்லாத்தையும் எல்லாருக்கும் காட்ட முடியாதுக்கா," என்றேன்.

"தெரியும்லா," என்றார். டார்ச்சின் அட்டைக்குழாயைச் சரிசெய்தபடி, "அன்னிக்கு என்ன பண்றதுன்னு தெரியல. தனியா உன்னப் பாக்க எனக்குப் பயமா இருந்துச்சு," என்றார்.

டார்ச்சைப் போட்டார். உள்ளே பாதி முட்டை கறுத்து, கனத்து, ஏதோ ஒன்று காலை நீட்டிப் புரண்டது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எல்லாவற்றையும்விட எனக்கு நன்றாக நினைவிருப்பது நகராண்மை பொரித்த நாள்.

இருபத்தெட்டாம் நாள் அது. பெட்டியில் பதினொரு முட்டைகள். முந்தின நாள் சாயங்காலமே நகராண்மையின் ஓட்டில் ஒரு கீறல் விழுந்து, நுனியில் மூச்சுவிடும் ஓட்டை வந்திருந்தது. காலை பத்தரைக்குத் தெருக்கோடியில் டமாரென்று ஒரு சத்தம். டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் கரண்ட் வரும் என்றார்கள்.

பெட்டியின் சூடு இறங்க ஆரம்பித்தது. அக்கா கேஸ் அடுப்பில் வெந்நீர் போட்டார். போத்தல்களில் ஊற்றி, துண்டு சுற்றி, முட்டைகளைச் சுற்றி அடுக்கினோம். சூடு ஏறியது. ஒரு போத்தலை எடுத்தால் இறங்கியது. இப்படியே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மணி பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. மதியப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும்.

அக்கா பெட்டியையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீயும் வா. பெட்டிய மடியில வச்சுக்க."

"எனக்குப் பன்னெண்டு மணிக்கு மீட்டிங் இருக்குக்கா."

"போன்லதான பேசுவ? வேன்ல பேசு."

முன் சீட்டில் வெயில் நேராக விழும், முட்டை வெந்துவிடும் என்று என்னை நடுவரிசையில் உட்கார வைத்தார். ஏர்கானை அணைத்தார். காற்று படக் கூடாது என்று ஜன்னல்களையும் முக்கால்வாசி ஏற்றிவிட்டார். கிள்ளானின் உச்சிவெயில். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஏறிய பிள்ளைகள், "அக்கா, சூடா இருக்கு," என்று ஆரம்பிப்பார்கள். "தெரியும். வாத்துக்குச் சூடு வேணும்," என்பார் அக்கா. அதோடு வாயை மூடிக்கொண்டு என் பக்கம் நெருங்கி வந்துவிடுவார்கள். பதினாலு பிள்ளைகள். யூனிஃபார்ம் முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒருவரும் ஜன்னலைத் தொடவில்லை.

நான் கேமராவை அணைத்து, மைக்கையும் அணைத்துவிட்டு மீட்டிங்கில் இருந்தேன். காதில் மேலாளர் ஏதோ நிரப்ப வேண்டிய காப்புறுதிப் பாரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

மேரு சாலையில் நெரிசல். அப்போதுதான் முட்டை ஆடியது. ஓட்டையிலிருந்து கீறல் ஒரு விரல் நீளத்துக்கு ஓடியது. உள்ளிருந்து ஒரு முனகல்.

"அக்கா, உடைக்குது," என்றாள் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை.

அக்காவின் தலை திரும்பப் பார்த்தது. முன்னால் பேருந்து பிரேக் போட்டது. தலை மறுபடி சாலைக்குப் போனது.

"அப்படியா?" என்றார்.

"மூக்கு வெளிய வந்திருச்சுக்கா."

"அப்படியா?"

சிவப்பு விளக்கில் நின்றபோது சட்டென்று திரும்பினார். பெட்டியைச் சுற்றிப் பதினாலு தலைகள். அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. "கொஞ்சம் நகருங்க பிள்ளைங்களா," என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பச்சை விழுந்து, பின்னால் லோரி ஹாரன் அடித்தது. வேனை ஓரங்கட்டியிருக்கலாம். வானவில்லுக்கு நிறுத்தியவர்தான். அன்றைக்கு நெரிசலில் ஏற்கெனவே நேரமாகிவிட்டது. மணி அடித்த பிறகு போனால் பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொள்வார்கள். அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் அவர் கண்களை மட்டும் பார்த்தேன். சாலையை விட்டு அகலவில்லை; ஆனால் முகம் முழுக்கக் காதாக இருந்தது.

"சொல்லுங்க, சொல்லுங்க. இப்ப என்ன பண்ணுது?"

"நகராண்மை தலைய நீட்டுது!" என்று பதினாலு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

என் காதில் மேலாளர் பேச்சை நிறுத்தினார். என் விரல் எப்போது பட்டதோ, மைக் திறந்திருந்தது. "என்னது அது?" என்று கேட்டார். அந்த அலுவலகத்தில் சேர்ந்து எட்டு மாதத்தில் நான் ஒருமுறைகூடக் கேமராவைப் போட்டதில்லை. அன்றைக்குப் போட்டேன். போனைப் பெட்டிக்கு மேல் பிடித்தேன். காப்புறுதிப் பாரங்களைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

குஞ்சு கழுத்தை முறுக்கியது, ஓய்ந்தது, மறுபடி உந்தியது. ஓட்டின் மூடி திறந்துகொண்டது. நனைந்த கம்பளி நூல் உருண்டை மாதிரி ஒன்று துண்டின் மேல் வழிந்து விழுந்து, தலையைத் தூக்க முயன்று, முடியாமல் கீழே போட்டது.

"வந்திருச்சுக்கா," என்றேன்.

"அப்படியா?" என்றார்.

பள்ளி வாசலில் நிறுத்தியபோது மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. பிள்ளைகள் இறங்கும்போது ஒவ்வொருவராக ஓட்டுநர் ஜன்னலுக்குப் போய், தான் பார்த்ததைத் தனியாக ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் ஓடினார்கள். கேட்டில் காவலுக்கு நின்ற ஜாகா வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியை மர நிழலில் எங்களுக்காகப் போட்டுக் கொடுத்தார்.

காலைப் பிள்ளைகள் வெளியே வர இருபது நிமிடம் இருந்தது. அக்கா வேனின் பக்கக் கதவருகே குனிந்து குஞ்சைப் பார்த்தார். தொடவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"என் பெரியவ மொத மொத நடந்தப்ப வீட்டுல நான் மட்டும்தான் இருந்தேன்," என்றார். "ஏழு அடி எடுத்து வச்சா. நான் மட்டும்தான் பாத்தேன். அவரு சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில. அப்பல்லாம் ஹேண்ட்போன் ஏது? ஞாயித்துக்கிழமை அவரு கூப்பிடுற வரைக்கும் வாய்க்குள்ளயே வச்சிருந்தேன். சொன்னேன். 'அப்படியா'ன்னாரு. அவ்வளவுதான். போன் கார்டு முடிஞ்சு போச்சு, லைன் கட்டாயிருச்சு."

நான் பெட்டியை நிழல் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

"இருபத்தி மூணு வருஷமா அந்த ஒரு வார்த்தைக்காக அவரு மேல எனக்குக் கோவம். சண்ட வர்றப்பல்லாம் சொல்லிக் காட்டுவேன். அவரு ஒன்னும் சொல்ல மாட்டாரு. இன்னிக்கு நீங்கல்லாம் கத்துறீங்க. எனக்கு வேற வார்த்தையே வரலம்மா. அப்படியா, அப்படியான்னுதான் சொல்றேன்."

போனை எடுத்தார். அவர் வீட்டுக்காரர் இன்னமும் சிங்கப்பூரில்தான் வேலை; மாதத்தில் ஒருமுறை வருவார். அங்கே சாப்பாட்டு நேரம்.

"சாப்பிட்டீங்களா? இல்ல, ஒன்னும் இல்ல. பெரியவ நடந்தத அன்னிக்கு போன்ல சொன்னேன்ல. அத சொன்னப்ப நீங்க எங்க நின்னுக்கிட்டு இருந்தீங்க?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பள்ளி மணி அடித்தது. காலைப் பிள்ளைகள் கும்பலாக ஓடிவந்து வேன் கதவைத் தட்டினார்கள். அவர் ஒரு கையை உயர்த்திக் காட்ட, வெயிலில் அப்படியே நின்றார்கள்.

போனை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் சாலையைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"போன் போட அன்னிக்குப் பெரிய வரிசையாம். லைன் கட்டான உடனே திரும்பி, பின்னாடி நின்ன ஆளுங்க எல்லார்கிட்டயும் சொன்னாராம், 'என் பொண்ணு நடக்கிறா'ன்னு. பங்ளாதேஷ்காரன், சீனன், எல்லார்கிட்டயும். அவங்க முதுகுல தட்டிக் குடுத்தாங்களாம். என்கிட்ட அத சொல்லவே இல்ல பாரு அந்த மனுஷன்."

எழுந்து போய் வேன் கதவைத் திறந்தார். பிள்ளைகள் ஏற ஆரம்பித்தார்கள். யாருடைய பெண், எந்தச் சிங்கப்பூர் என்று ஒன்றும் தெரியாத அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு நிறுத்தி, அக்கா அதைச் சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்டார்.